ரெட்மைனில் முதல் புராஜெக்ட்: யார் எதைப் பார்க்கலாம் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

கோவையில் பதினான்கு பேர் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. நூற்பாலைகளுக்கு வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். புகார்கள் வாட்ஸ்அப்பிலும் போனிலும் வந்து எங்கேயோ தொலைந்துகொண்டிருந்தன. சரி, புகார்களைப் பதிந்து பின்தொடர உதவும் ரெட்மைன் மென்பொருளைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிவுசெய்வோம் என்று முடிவானது. அமைக்கும் பொறுப்பு எனக்கு.

நிறுவ அரை நாள்கூட ஆகவில்லை. இரண்டு மில்களுக்கு லாகின் கொடுத்து மூன்றாவது வாரம், ஒரு மில்லின் கணக்காளர் போன் செய்தார். "சார், எங்க லாகின்ல இன்னொரு மில்லோட சம்பளப் பிரச்சினையெல்லாம் தெரியுதுங்க. அப்ப எங்களோடது அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரிந்திருக்கிறது, மூன்று வாரமாக. இரண்டு மில்களுக்கும் நேரில் போய் விளக்கம் சொன்னோம். காரணம் நான் கவனிக்காமல் விட்ட ஒரே ஒரு டிக். அந்த மூன்று வாரம் வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ரெட்மைனை நிறுவியாயிற்று, அட்மின் லாகின் கையில் இருக்கிறது, அடுத்து என்ன என்று நிற்பவர்களுக்கானது இது.

1. திரையைத் தொடும் முன் ஒரு தாள்

ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். எக்செல் என்றாலும் சரி.

முதல் பட்டியல் ஆட்களுக்கு. பெயர், மின்னஞ்சல், எந்தெந்த புராஜெக்ட், அதில் அவர் வேலை என்ன. மின்னஞ்சல் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே முகவரியை இரண்டு பயனருக்கு ரெட்மைன் ஏற்காது. மில்களில் நான்கு பேர் ஒரே அலுவலக முகவரியை வைத்திருப்பார்கள். தனி முகவரி வாங்க எங்களுக்கு ஒரு வாரம் போனது. அதனால் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். இடப்பக்கம் செயல்கள்: புகார் பதிவது, பதில் எழுதுவது, நிலையை மாற்றுவது, மூடுவது, எவ்வளவு நேரம் செலவானது என்று பார்ப்பது, நமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் குறிப்பைப் பார்ப்பது, ஆளைச் சேர்ப்பது. மேலே வரிசையாக வேலைகள்: மேலாளர், புரோகிராமர், சப்போர்ட், வாடிக்கையாளர். கட்டங்களில் 'ஆம்', 'இல்லை' மட்டும். இதை முதலாளியிடமோ குழுத் தலைவரிடமோ காட்டி ஒப்புதல் வாங்குங்கள். "வாடிக்கையாளர் நம் நேரக் கணக்கைப் பார்க்கலாமா?" போன்ற கேள்விகளுக்கு அமைப்பவர் தனியாகப் பதில் முடிவுசெய்யக்கூடாது. எங்கள் அலுவலகத்தில் இந்த ஒரு தாளுக்கு இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. அந்த இரண்டு மணி நேரம் பின்னால் பல நாட்களை மிச்சப்படுத்தியது.

2. செலவும் நேரமும்

ரெட்மைன் கட்டற்ற மென்பொருள், ஜிபிஎல் உரிமத்தில் வருவது. ஆளுக்கு இவ்வளவு என்ற மாதக் கட்டணம் கிடையாது. பத்துப் பேர் ஐம்பது பேரானாலும் அதே செலவுதான். உண்மையான செலவு சர்வர். எங்களுக்கு 2 ஜிபி நினைவகம் உள்ள வாடகை சர்வர் போதுமானதாக இருக்கிறது, வரியோடு மாதம் ஆயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டுகிறது. டொமைன் ஏற்கெனவே இருந்தால் அதற்குக் கீழே ஒரு சப்டொமைன் போதும்.

நேரக் கணக்கு எங்களுக்கு இப்படி ஆனது: தாள் வேலை அரை நாள், அடிப்படை செட்டிங்ஸ் ஒரு மணி நேரம், ரோல்களும் (எந்த வேலைக்கு என்ன அனுமதி) வொர்க்ஃப்ளோவும் (புகார் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம்) ஒரு முழு நாள், ஆட்களைச் சேர்ப்பது ஒரு மணி நேரம், உள்ளுக்குள் மட்டும் ஒரு வார ஓட்டம். அந்த ஒரு வாரம் முடியாமல் வெளியாரை உள்ளே விடாதீர்கள்.

டாக்கரில் நிறுவியிருந்தால் ஒன்றைப் பாருங்கள். டேட்டாபேஸும், இணைப்புக் கோப்புகள் சேரும் ஃபைல்ஸ் ஃபோல்டரும் கன்டெய்னருக்கு வெளியே வால்யூமில் இருக்க வேண்டும். உள்ளேயே இருந்தால், புதிய பதிப்புக்கு மாற கன்டெய்னரை நீக்கும் நாளில் எல்லாம் போய்விடும். பேக்கப் எடுக்கும்போதும் இரண்டையும் சேர்த்து எடுங்கள். டேட்டாபேஸ் மட்டும் இருந்தால் புகார்கள் இருக்கும், அதோடு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகள் இருக்காது.

3. முதல் லாகினில் தொட வேண்டியவை

முதல் முறை பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே 'அட்மின்'தான். உடனே மாற்றுங்கள். அப்புறம் மேலே உள்ள 'அட்மினிஸ்ட்ரேஷன்' பக்கத்துக்குப் போங்கள். புதிய நிறுவல் என்றால், இயல்பான அமைப்பை ஏற்றவா என்று கேட்கும் பெட்டி ஒன்று இருக்கும். ஏற்றிக்கொள்ளுங்கள். மேனேஜர், டெவலப்பர், ரிப்போர்ட்டர் என மூன்று ரோல்களும், பக், ஃபீச்சர், சப்போர்ட் என மூன்று டிராக்கர்களும் (புகாரின் வகைகள்), புகாரின் நிலைகளும் தயாராக வரும். ஒவ்வொன்றையும் வெறுமையிலிருந்து கட்ட வேண்டியதில்லை.

பிறகு 'செட்டிங்ஸ்'. அங்கே நான்கு டேப்களைப் பாருங்கள்.

'ஆதென்டிகேஷன்' டேபில் லாகின் கட்டாயம் என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். இல்லையென்றால் பொதுவாக வைத்த புராஜெக்டுகளை லாகின் செய்யாதவர்களும் பார்க்க வாய்ப்புண்டு. அதே பக்கத்தில் 'செல்ஃப் ரெஜிஸ்ட்ரேஷன்' என்பதை 'டிஸேபிள்ட்' என்று வையுங்கள். யாரை உள்ளே விடுவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

'புராஜெக்ட்ஸ்' டேபில் புதிய புராஜெக்டுகள் இயல்பாகவே பொதுவானவை என்று ஒரு டிக் இருக்கும். எங்களை மாட்டவைத்தது இதுதான். நிறுவியவுடன் அது டிக் செய்யப்பட்ட நிலையில்தான் வரும். ரெட்மைனைப் பொறுத்தவரை 'பப்ளிக்' என்றால், அந்த புராஜெக்டில் உறுப்பினராக இல்லாதவர்களும் அதைத் திறந்து பார்க்கலாம். லாகின் கட்டாயம் என்று போட்டுவிட்டோமே, வெளியார் வர முடியாதே என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் மில் 'அ' லாகின் வைத்திருக்கும் ஆள், மில் 'ஆ'வுக்கு வெளியார்தானே! டிக்கை எடுங்கள். இதற்கு முன்பே உருவாக்கிய புராஜெக்டுகளை இது மாற்றாது. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து அவற்றின் செட்டிங்ஸில் எடுக்க வேண்டும்.

'ஜெனரல்' டேபில் ஹோஸ்ட் பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள். அது தவறாக இருந்தால், போகிற ஒவ்வொரு மின்னஞ்சலிலும் உள்ள இணைப்பு திறக்காது. வாடிக்கையாளர் "லிங்க் வேலை செய்யல" என்பார், உங்கள் உலாவியில் எல்லாம் சரியாகவே இருக்கும். 'ஈமெயில் நோட்டிஃபிகேஷன்ஸ்' டேபின் அடியில் சோதனை மின்னஞ்சல் அனுப்பும் இணைப்பு உண்டு. ஒன்று அனுப்பிப் பாருங்கள். மின்னஞ்சல் சர்வர் விவரங்கள் இந்தத் திரையில் மாறாது, சர்வரில் உள்ள கான்ஃபிகரேஷன் கோப்பில்தான் எழுத வேண்டும், எழுதியபின் ரெட்மைனை மறுபடி தொடங்க வேண்டும். ஜிமெயில் வழியாக அனுப்புவதாக இருந்தால் அந்தக் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கடவுச்சொல் எடுபடாது.

4. ரோல்கள்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

ரெட்மைனில் அனுமதியை நேராக ஆளுக்குக் கொடுப்பதில்லை. ரோலுக்கு அனுமதி, புராஜெக்டுக்குள் ஆளுக்கு ரோல். ஒரே ஆள் ஒரு புராஜெக்டில் மேலாளராகவும் இன்னொன்றில் வெறும் பார்வையாளராகவும் இருக்கலாம். இது பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஒருவருக்கு ஒரே புராஜெக்டில் இரண்டு ரோல் கொடுத்தால் இரண்டின் அனுமதிகளும் கூடிவிடும். ஒரு ரோல் 'கூடாது' என்பதை இன்னொன்று 'ஆகும்' என்றால், ஆகும் என்பதுதான் நிற்கும். ஒருவரைக் கட்டுப்படுத்த இரண்டாவது ரோலைச் சேர்ப்பது பயன்படாது. முதலில் கொடுத்ததை எடுக்கத்தான் வேண்டும்.

'ரோல்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸ்' பக்கத்தின் அடியில் 'நான் மெம்பர்', 'அனானிமஸ்' என்று இரண்டு ரோல்கள் இருக்கும். அவற்றை நீக்க முடியாது. உறுப்பினர் அல்லாத பயனருக்கு முன்னது, லாகின் செய்யாதவருக்குப் பின்னது. இரண்டையும் திறந்து எல்லா டிக்குகளையும் எடுத்துவிடுங்கள். இனி தவறுதலாக யாராவது ஒரு புராஜெக்டை 'பப்ளிக்' ஆக்கினாலும் உள்ளே இருக்கும் புகார்கள் தெரியாது. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டது போல.

அடுத்து வாடிக்கையாளருக்கென்று புதிய ரோல் ஒன்று செய்யுங்கள். உருவாக்கும் திரையிலேயே எந்த ரோலின் வொர்க்ஃப்ளோவை நகலெடுப்பது என்று கேட்கும். 'ரிப்போர்ட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் அந்த ரோலில் இருப்பவரால் எந்த நிலையையும் மாற்ற முடியாது, ஏன் என்று தேடி அலைவீர்கள். நாங்கள் வாடிக்கையாளர் ரோலுக்குக் கொடுத்தவை இவ்வளவுதான்: புகார்களைப் பார்ப்பது, புதிதாகப் பதிவது, குறிப்பு எழுதுவது, தாம் பதிந்ததைத் திருத்துவது. கடைசியாகச் சொன்னது எதற்கு என்றால், பிரச்சினை தீர்ந்ததும் அவரே மூடட்டும் என்பதற்காக.

அதே திரையில் மூன்று கீழ்விரி பட்டியல்கள் இருக்கின்றன. பலர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

'இஷ்யூஸ் விசிபிலிட்டி' (இஷ்யூ என்பது நாம் சொல்லும் புகார்): தாம் பதிந்தது அல்லது தமக்கு ஒதுக்கியது மட்டும் தெரியும் என்ற தேர்வு பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் ஒரே மில்லில் கணக்காளரும் மனிதவள அதிகாரியும் இருந்தால், ஒருவர் பதிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போய், அதே புகார் இரண்டு முறை வரும். ஒவ்வொரு மில்லுக்கும் தனிப் புராஜெக்ட் என்றால், 'ஆல் நான் பிரைவேட் இஷ்யூஸ்' என்பதுதான் சரி. எல்லா மில்களையும் ஒரே புராஜெக்டில் போட்டிருந்தால் மட்டும் முதல் தேர்வு வேண்டும்.

'யூசர்ஸ் விசிபிலிட்டி': இதை, தாம் பார்க்கக்கூடிய புராஜெக்டுகளின் உறுப்பினர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒரு வாடிக்கையாளர் உங்கள் மற்ற வாடிக்கையாளர்களின் ஆட்கள் யார் யார் என்று பார்க்க முடியும். புகார்களை மறைத்துவிட்டு வாடிக்கையாளர் பட்டியலையே காட்டுவது பெரிய ஓட்டை. 'நான் மெம்பர்', 'அனானிமஸ்' இரண்டிலும் இதையே செய்யுங்கள். மூன்றாவது, நேரப் பதிவு பற்றியது. வாடிக்கையாளருக்குச் செலவான நேரத்தைப் பார்க்கும் அனுமதியே கொடுக்கவில்லை என்றால் அதைத் தொட வேண்டாம்.

நமக்குள் பேசிக்கொள்ளும் குறிப்புக்கு 'பிரைவேட் நோட்ஸ்' இருக்கிறது. அதைப் பார்க்கும் அனுமதியும், அப்படிக் குறிக்கும் அனுமதியும் தனித்தனி. இரண்டையும் உங்கள் ஊழியர் ரோல்களுக்கு மட்டும் கொடுங்கள். ஆனால் எழுதும்போது அந்த டிக்கைப் போட மறந்தால், குறிப்பு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலாகப் போய்விடும். பிறகு திருத்தினாலும் போன மின்னஞ்சல் திரும்பி வராது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் சொல்லியிருக்கிறேன்: முதலில் டிக், அப்புறம் எழுத்து.

எல்லாம் முடிந்ததும் அதே பக்கத்தில் உள்ள 'பெர்மிஷன்ஸ் ரிப்போர்ட்' இணைப்பைத் திறங்கள். எல்லா ரோல்களும் எல்லா அனுமதிகளும் ஒரே கட்டத்தில் வரும். உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். இருபது நிமிட வேலை.

5. வொர்க்ஃப்ளோ

இங்கே ரோல் ஒன்று, டிராக்கர் ஒன்று தேர்ந்தெடுத்தால் ஒரு கட்டம் வரும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று டிக் செய்வதுதான் வேலை. 'அந்த டிராக்கரில் பயன்படும் நிலைகளை மட்டும் காட்டு' என்று மேலே ஒரு டிக் இருக்கும். நீங்கள் புதிதாக ஒரு நிலையை உருவாக்கினால், உதாரணமாக 'வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு', அது இந்தக் கட்டத்தில் வரவே வராது. அந்த டிக்கை எடுத்தால்தான் வரும். நான் ஒரு மாலை முழுவதும் அந்த நிலையைத் திரும்பத் திரும்ப நீக்கி உருவாக்கிக்கொண்டிருந்தேன்.

பக்கத்திலேயே 'ஃபீல்ட்ஸ் பெர்மிஷன்ஸ்' என்ற டேப். வாடிக்கையாளர் ரோலுக்கு 'பிரையாரிட்டி' (எவ்வளவு அவசரம்), 'அசைனி' (யாருக்கு ஒதுக்குவது) இரண்டையும் 'ரீட் ஒன்லி' ஆக்குங்கள். இல்லையென்றால் வருகிற ஒவ்வொரு புகாரும் 'அர்ஜென்ட்' என்று, ஒரே புரோகிராமர் பெயருக்கு வரும். ஒவ்வொரு நிலைக்கும் தனியாகச் செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முதல் நிலையான 'நியூ'வை விட்டுவிட்டால், பதியும் நேரத்தில் அந்தக் கட்டுப்பாடு இருக்காது.

6. புராஜெக்ட் உருவாக்குவது

பெயர் தமிழில் இருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் 'ஐடென்டிஃபையர்' அப்படியல்ல. ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், சிறு கோடு, அடிக்கோடு மட்டுமே அதில் வரும், ஒருமுறை சேமித்துவிட்டால் மாற்ற முடியாது. முகவரியிலும் அதுதான் தெரியும். மில்லின் பெயர் மாறலாம், முதலாளி மாறலாம். அதனால் நாங்கள் எங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள வாடிக்கையாளர் எண்ணையே, முன்னால் ஓர் எழுத்து சேர்த்து, ஐடென்டிஃபையராக வைக்கிறோம். வெறும் எண்ணை மட்டும் ரெட்மைன் ஏற்காது.

'பப்ளிக்' டிக் இல்லை என்று இங்கே இன்னொரு முறை பாருங்கள்.

மாட்யூல்களில் (புராஜெக்டில் இயக்கவோ நிறுத்தவோ கூடிய பகுதிகள்) தேவையானதை மட்டும் வையுங்கள். புகார்ப் பதிவு, நேரப் பதிவு, கோப்புகள் போதும். ரோலில் அனுமதி இருந்தும் ஒருவருக்கு விக்கி (குறிப்புப் பக்கங்கள்) தெரியவில்லை என்றால், அந்த புராஜெக்டில் விக்கி மாட்யூல் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதியும் மாட்யூலும் இரண்டும் இருந்தால்தான் தெரியும்.

ஒரு புராஜெக்டுக்குக் கீழே இன்னொன்றை வைத்தால், 'இன்ஹெரிட் மெம்பர்ஸ்' என்ற டிக் வரும். போட்டால் மேலே உள்ள உறுப்பினர்கள் எல்லோரும் கீழேயும் வந்துவிடுவார்கள். எங்கள் ஊழியர்களுக்கு அது வசதி. ஆனால் மேல் புராஜெக்டில் வாடிக்கையாளர் யாரும் இருக்கக்கூடாது.

முதல் புராஜெக்ட் திருப்தியாக அமைந்ததும், புகார் எதுவும் இல்லாத ஒரு மாதிரிப் புராஜெக்ட் செய்து வையுங்கள். அடுத்தடுத்தவற்றை அட்மினிஸ்ட்ரேஷனில் உள்ள புராஜெக்ட் பட்டியலிலிருந்து நகலெடுக்கலாம். நகலெடுக்கும் திரையில் மின்னஞ்சல் அறிவிப்பு அனுப்பவா என்று ஒரு டிக் உண்டு. அது எடுக்கப்பட்டிருக்கிறதா பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

7. ஆட்களைச் சேர்ப்பது

பயனரை உருவாக்கும்போது கடவுச்சொல்லை ரெட்மைனே உருவாக்கட்டும், முதல் லாகினில் மாற்றச் சொல்லட்டும், விவரம் மின்னஞ்சலில் போகட்டும். மூன்றுக்கும் டிக் இருக்கிறது. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக்கை மட்டும் தேவையில்லாமல் யாருக்கும் போடாதீர்கள். அட்மினுக்கு ரோல் கணக்கே கிடையாது, எல்லாப் புராஜெக்டும் தெரியும். ஏதோ ஒன்று தெரியவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, அவசரத்துக்கு அட்மின் ஆக்கிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். எங்களிடம் அட்மின் லாகின் உள்ளவர்கள் இரண்டே பேர், அவர்களும் அன்றாட வேலைக்குச் சாதாரண லாகின்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஊழியர்களைக் குரூப்பாகச் சேர்த்து, குரூப்பைப் புராஜெக்டில் உறுப்பினராக்குங்கள். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் குரூப்பில் போட்டால் போதும், எல்லாப் புராஜெக்டிலும் வந்துவிடுவார். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: குரூப் வழியாக வந்த ரோலை ஒரு புராஜெக்டில் ஒருவருக்கு மட்டும் தனியாக எடுக்க முடியாது. அந்தப் பெட்டி மங்கலாக இருக்கும். விதிவிலக்கான ஆள் இருந்தால் அவரை குரூப்பில் சேர்க்காமல் தனியாகவே சேருங்கள்.

புரோகிராமரின் பெயர் 'அசைனி' பட்டியலில் வரவில்லை என்றால், அவருடைய ரோலில் புகார்களை இந்த ரோலுக்கு ஒதுக்கலாம் என்ற டிக் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

8. வாடிக்கையாளராக லாகின் செய்து பாருங்கள்

இதை மட்டுமாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சொந்த மின்னஞ்சலில் ஒரு சோதனைப் பயனரை உருவாக்கி, ஒரு மில் புராஜெக்டில் வாடிக்கையாளர் ரோலில் சேருங்கள். உலாவியில் தனியுரிமைச் சாளரம் திறந்து அந்த லாகினில் நுழையுங்கள். அட்மின் லாகினில் எவ்வளவு பார்த்தாலும் பயனில்லை, அதில் எல்லாமே தெரியும்.

புராஜெக்ட் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். தேடல் பெட்டியில் இன்னொரு மில்லின் பெயரைப் போட்டால் ஒன்றும் வரக்கூடாது. இன்னொரு மில்லின் புகார் எண்ணை எடுத்து, முகவரிப் பட்டையில் நேராக அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். அனுமதி இல்லை என்று வர வேண்டும். ஊழியர் லாகினிலிருந்து ஒரு 'பிரைவேட்' குறிப்பு எழுதி, அது சோதனைப் பயனருக்குத் திரையிலும் மின்னஞ்சலிலும் வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஒரு பெரிய படத்தை இணைத்துப் பாருங்கள். இயல்பான வரம்பு 5 எம்பி, அதற்கு மேல் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் கூட்டலாம்.

ரோலில் எந்த மாற்றம் செய்தாலும் இந்தச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தச் சோதனைப் பயனரை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம்.

9. ஆள் விலகும்போது, வேலை முடியும்போது

ஊழியரோ வாடிக்கையாளரின் ஆளோ விலகினால் பயனரை நீக்காதீர்கள், 'லாக்' செய்யுங்கள். நீக்கினால் அவர் எழுதிய அத்தனையும் 'அனானிமஸ்' பெயருக்கு மாறிவிடும். ஆறு மாதம் கழித்து "இந்த மாற்றத்தைச் செய்யச் சொன்னது யார்?" என்று கேட்டால் பதில் இருக்காது. லாக் செய்தால் லாகின் மட்டும் நிற்கும், பெயர் அப்படியே இருக்கும். லாக் செய்யும் முன் அவர் பெயரில் திறந்திருக்கும் புகார்களை வடிகட்டி எடுத்து, வேறொருவருக்கு மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

புராஜெக்ட் முடிந்தால் 'குளோஸ்' செய்யலாம். பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. 'ஆர்கைவ்' செய்தால் வாடிக்கையாளர், ஊழியர் யார் கண்ணுக்கும் தெரியாது, அட்மின்தான் திரும்ப எடுக்க முடியும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காத மில்களை நாங்கள் குளோஸ் செய்கிறோம், பழைய புகாரும் பதிலும் அவர்களுக்கும் தேவைப்படும் என்பதால். மறுபடி ஒப்பந்தம் போட்டால் 'ரீஓப்பன்' ஒரு கிளிக்தான்.